ஸ்னோ ப்ளோவருக்கு எல்.இ.டி. விளக்கு: பழைய பல்பு செய்துவந்த வேலைகளை யார் செய்வது?

டிசம்பர் கடைசி வாரத்தில் டொராண்டோவில் மாலை ஐந்து மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். காலையில் அது எழும்போது மணி எட்டை நெருங்கியிருக்கும். வேலைக்குப் போய்வருகிறவர் வீட்டு டிரைவ்வேயில், அதாவது வாசலில் கார் நிறுத்தும் பாதையில், பனி தள்ளுவது என்றால் பெரும்பாலும் இருட்டில்தான். ஸ்கார்பரோவிலும் மார்க்கத்திலும் பிராம்ப்டனிலும் கராஜில் ஸ்னோ ப்ளோவர், அதாவது பனியை அள்ளித் தூர வீசும் எந்திரம், வைத்திருக்கும் தமிழ்க் குடும்பங்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்த எந்திரங்கள் பலவற்றில் ஒரு முகப்பு விளக்கு இருக்கும். சற்றுப் பழைய மாடல் என்றால், மங்கலாக மஞ்சள் ஒளி தரும் ஒரு ஹாலஜன் பல்பு. அதைக் கழற்றிவிட்டு, மலிவாகக் கிடைக்கும் எல்.இ.டி. விளக்கு ஒன்றை மாட்டினால் என்ன என்று யாருக்கும் தோன்றும். இரண்டு வயர்தானே?

அப்படி மாட்டியவர்களிடம் கேட்டால் இரண்டு விதமான புகார் வரும். ஒன்று, விளக்கு எரிகிறது, ஆனால் துடிக்கிறது. மற்றது, சில நாள் பிரமாதமாக எரிந்துவிட்டுப் போய்விட்டது. விளக்கு மட்டம் என்று நினைத்து இன்னொன்று வாங்குவார்கள். அதுவும் போகும். விளக்கில் பெரும்பாலும் குறை இருக்காது. கழற்றிப் போட்ட அந்தப் பழைய பல்பு, வெளிச்சம் தருவதோடு வேறு வேலைகளையும் செய்துகொண்டிருந்தது. அதை எடுத்த பிறகு அந்த வேலைகளுக்கு ஆள் இல்லை. விஷயம் அவ்வளவுதான். ஆனால் அந்த வேலைகள் என்னவென்று புரிய, முதலில் இந்த எந்திரத்துக்குள் மின்சாரம் எப்படிப் பிறக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பேட்டரி இல்லாத மின்சாரம்

காரில் பேட்டரி உண்டு. ஆல்டர்னேட்டர் கூடக் குறையத் தந்தாலும் பேட்டரி அதைத் தாங்கிச் சமன்செய்துவிடும். பெட்ரோலில் ஓடும் வீட்டு ஸ்னோ ப்ளோவர் பெரும்பாலானவற்றில் பேட்டரியே கிடையாது. கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வோம். எலெக்ட்ரிக் ஸ்டார்ட் என்று இருப்பதும் பலவற்றில் வீட்டுச் சுவரின் 120 வோல்ட் பிளக்கில் சொருகும் வகைதான். ஆகவே விளக்குக்கான மின்சாரம் முழுவதும் ஓடும் எஞ்சினிலிருந்து அந்தந்த நொடியில் வந்தாக வேண்டும்.

எஞ்சினின் கிராங்க் ஷாஃப்ட் முனையில் ஃப்ளைவீல் என்ற கனமான சக்கரம் இருக்கிறது. அதன் உள்விளிம்பில் நிரந்தரக் காந்தங்களை வடமுனை, தென்முனை என்று மாற்றி மாற்றிப் பதித்திருப்பார்கள். சக்கரத்துக்குள்ளே, அசையாத இரும்புத் துண்டுகளின் மேல் செப்புக் கம்பி சுற்றிய காயில் இருக்கும்; இதுதான் ஸ்டேட்டர். காயிலைக் கடந்து காந்தப்புலம் மாறினால் அதில் மின்னழுத்தம் பிறக்கும் என்று மைக்கேல் ஃபாரடே 1831-இல் கண்டறிந்தார். அதேதான் இங்கும் நடக்கிறது. வடமுனை கடக்கும்போது மின்னோட்டம் ஒரு திசையில் ஓடும், தென்முனை கடக்கும்போது எதிர்த்திசையில் ஓடும். ஆகவே இது மாறுதிசை மின்சாரம், அதாவது ஏ.சி.

எஞ்சின் முழு வேகத்தில் நிமிடத்துக்கு ஏறக்குறைய 3,600 சுற்று சுற்றும், நொடிக்கு 60. ஃப்ளைவீலில் மூன்று ஜோடி முனைகள் இருப்பதாக வைத்துக்கொண்டால் நொடிக்கு 180 அலை. எஞ்சினை மெதுவாக்கினால் அலைகளின் எண்ணிக்கையும் குறையும், மின்னழுத்தமும் சேர்ந்து இறங்கும். பழைய மொபெட்டும் ஸ்கூட்டரும் ஓட்டியவர்களுக்கு இது கண்ணால் கண்ட விஷயம்: சிக்னலில் நின்றால் ஹெட்லைட் மங்கும், ஆக்ஸிலரேட்டரை முறுக்கினால் பளிச்சென்று எரியும். அங்கேயும் இதே ஃப்ளைவீல் காயில்தான், ஹெட்லைட்டுக்கு நேரடி இணைப்பு.

கிடைக்கும் சக்தி அதிகமில்லை. சிறிய எஞ்சின்களின் விளக்குக் காயில் 18 வாட் தரும். கைப்பிடிச் சூடேற்றி வைத்த பெரிய எந்திரங்களில் 60 வாட் அளவுக்குப் போகும். 8 குதிரைச் சக்தி எஞ்சின் ஒன்றின் ஆற்றல் கிட்டத்தட்ட 6,000 வாட் என்பதை நினைத்தால், 18 வாட் அதில் முந்நூறில் ஒரு பங்குகூட வராது. எஞ்சினுக்கு இது சுமையே அல்ல. எல்லையை வகுப்பது காயில்.

"12 வோல்ட்" என்பது பாதி உண்மை

இனி வருவதுதான் பலரும் தவறவிடும் இடம். கையேட்டில் 12 வோல்ட் என்று போட்டிருக்கும். வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரை ஏ.சி. அளவில் வைத்து, விளக்கைக் கழற்றிவிட்டு, முழு வேகத்தில் அளந்து பாருங்கள். 20 வோல்ட்டைத் தாண்டிக் காட்டும் எஞ்சின்கள் உண்டு. மீட்டர் பழுதில்லை. இந்தக் காயில் 12 வோல்ட் தருவது, அதற்கென்று கணக்கிட்ட பல்பு மாட்டியிருக்கும்போது மட்டுமே.

காரணம் காயிலுக்குள்ளேயே இருக்கிறது. மின்னோட்டம் பாயத் தொடங்கியதும் காயில் தானும் ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. அந்தப் புலம், தன்னை உண்டாக்கிய மாற்றத்தையே எதிர்க்கிறது. எவ்வளவு அதிக மின்னோட்டத்தை இழுக்கிறோமோ அவ்வளவு வோல்ட் காயிலுக்குள்ளேயே செலவாகி, வெளியே வருவது குறைகிறது. அழகான விஷயம் என்னவென்றால், எஞ்சின் வேகம் கூடக்கூட காயிலில் பிறக்கும் மின்னழுத்தம் கூடுகிற அதே விகிதத்தில் இந்த எதிர்ப்பும் கூடுகிறது. ஆகவே ஓரளவு வேகத்துக்கு மேல் மின்னோட்டம் ஏறாமல் ஏறக்குறைய நிலையாக நிற்கிறது. மின்னழுத்தத்தைக் கட்டுக்குள் வைக்கும் ரெகுலேட்டர் என்று தனியாக எதுவும் வைக்காமல், சரியான வாட் உள்ள பல்பை மட்டும் மாட்டி, மின்னழுத்தத்தை 12 அல்லது 13-இல் நிறுத்த முடிந்தது இதனால்தான். பாதி ரெகுலேட்டர் காயில், மீதிப் பாதி பல்பு. மிகக் குறைந்த செலவில் செய்த நல்ல பொறியியல் இது. இதை வடிவமைத்தவர்கள் மேல் எனக்கு மரியாதை உண்டு.

இரண்டு பல்பு உள்ள எந்திரங்களில் ஒன்று போனால் மற்றதும் சீக்கிரம் போவதைக் கவனித்திருப்பீர்கள். சுமை பாதியாகிறது, வோல்ட் ஏறுகிறது, மிஞ்சிய பல்பு அளவுக்கு மீறிப் பிரகாசிக்கிறது. பல்புக்குள் சூடேறி ஒளிரும் டங்ஸ்டன் இழைக்கு மின்னழுத்தம் பத்து சதவீதம் கூடினால் ஆயுள் மூன்றில் ஒரு பங்குக்கும் கீழே விழுந்துவிடும்.

எல்.இ.டி.க்கு இதைப் பொருத்திப் பாருங்கள். அதே வெளிச்சத்துக்கு அது வெகு குறைவான வாட் எடுக்கும்; அதற்காகத்தானே வாங்கினோம். 18 வாட் பல்பு இருந்த இடத்தில் 9 வாட் எல்.இ.டி. உட்கார்ந்ததும் காயிலின் சுமை பாதியாகி, மின்னழுத்தம் மேலே எகிறுகிறது. விளக்குப் பெட்டியில் "10–30 வோல்ட் டி.சி." என்று போட்டிருப்பார்கள். மீட்டர் 22 வோல்ட் காட்டினால் 30-க்குள்தானே என்று தோன்றும். ஆனால் ஏ.சி.யில் மீட்டர் காட்டுவது ஒரு வகைச் சராசரி. அலையின் உச்சம் அதைப்போல் 1.41 மடங்கு. 22-ஐ 1.41-ஆல் பெருக்கினால் 31. விளக்குக்குள் இருக்கும் டிரைவர் என்ற சிறு மின்சுற்று ஒவ்வொரு அலையிலும் தன் எல்லையை மீறி அடிவாங்குகிறது. சில நாளில் செத்துப்போவதன் காரணம் இதுவே.

இழை திசை பார்ப்பதில்லை

பழைய பல்பு செய்துவந்த இன்னொரு வேலை, மாறுதிசை மின்சாரத்தை ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்ளாதது. இழைக்குத் தேவை சூடு. மின்னோட்டம் இந்தப் பக்கம் பாய்ந்தாலும் அந்தப் பக்கம் பாய்ந்தாலும் சூடு சூடுதான். ஒவ்வொரு அலையின் நடுவிலும் மின்னோட்டம் பூஜ்யத்துக்கு வந்துபோகிறதே, அந்தச் சிறு நேரத்துக்குள் இழை ஆறிவிடாது. வெளிச்சம் சீராகவே வரும்.

எல்.இ.டி. ஒரு டையோடு. ஒரு திசையில் மட்டுமே மின்னோட்டத்தை விடும். எதிர்த்திசையில் வெறும் 5 வோல்ட் அளவுக்குத்தான் பல எல்.இ.டி. சில்லுகள் தாங்கும். விளக்குக்குள் பாதுகாப்பு டையோடு இருந்தால் சில்லு தப்பிக்கும். ஆனால் ஒவ்வொரு அலையிலும் பாதி நேரம் விளக்கு அணைந்திருக்கும். சூடு தங்குவதுபோல் இங்கே ஒளி தங்காது. வெள்ளை எல்.இ.டி. என்பது உண்மையில் நீல எல்.இ.டி. — இசாமு அகசாகி, ஹிரோஷி அமானோ, ஷுஜி நகமுரா மூவருக்கும் 2014-இல் நோபல் வாங்கித் தந்தது அது — அதன் மேல் மஞ்சள் ஒளி உமிழும் பாஸ்பர் பூச்சு. அந்தப் பாஸ்பரின் ஒளி மைக்ரோ விநாடிக்குள் அடங்கிவிடும். அதனால் நொடிக்கு 180 முறை விளக்கு நிஜமாகவே எரிந்து எரிந்து அணைகிறது.

நொடிக்கு 180 துடிப்பை அசையாத பொருளில் கண் உணராது. ஆனால் பனி தள்ளும்போது எதிரே எதுதான் அசையாமல் இருக்கிறது? பறந்து விழும் துகள்கள் கோடாகத் தெரியாமல் புள்ளி புள்ளியாகத் தெரியும். சிறிது நேரத்தில் கண் களைத்துவிடும். எஞ்சினை மெதுவாக்கினால் துடிப்பு இன்னும் கண்கூடாகத் தெரியும். இதில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. இரண்டு கட்ட எந்திரத்தில் முன்னால் பனியை அள்ளும் ஆகர் நிமிடத்துக்கு நூற்றுச் சொச்சம் சுற்றுதான் சுற்றும். பின்னால் அதை வெளியே வீசும் இம்பெல்லர் ஆயிரம் சுற்றுக்குப் பக்கத்தில் சுற்றும். இம்பெல்லரைச் சுழற்றுவதும் எஞ்சின்தான், விளக்கைத் துடிக்க வைப்பதும் அதே எஞ்சின்தான். ஆகவே இரண்டு வேகங்களுக்கும் இடையிலான விகிதம் கிட்டத்தட்ட மாறாமல் இருக்கும். அந்த விகிதம் தற்செயலாக முழு எண்ணை ஒட்டி அமைந்துவிட்டால், வேகமாகச் சுழலும் தகடு மெல்ல ஊர்வதுபோல் தோன்றலாம். அடைத்துக்கொண்ட பனியை எடுக்கக் கையை விட்டு விரல் இழப்பது இந்த எந்திரத்தால் நேரும் விபத்துகளில் மிகக் கொடியது. எஞ்சினை நிறுத்திய பிறகும், அடைப்பு விடுபட்டதும் இம்பெல்லர் ஒரு வெட்டு வெட்டித் திரும்பக்கூடும். வெளிச்சம் எவ்வளவு நன்றாக இருந்தாலும் அங்கே போக வேண்டியது குச்சிதான், கை அல்ல.

துடிப்பை நிறுத்துவது சிரமமில்லை. நான்கு டையோடுகளைச் சதுரமாக இணைத்தால், எந்தத் திசையில் மின்னோட்டம் வந்தாலும் வெளியே ஒரே திசையில் போகும். கரோல் போலாக் 1895-96-இல் இதற்குக் காப்புரிமை எடுத்தார். லியோ கிரெட்ஸ் 1897-இல் தனியாக வெளியிட்டார். பிரிட்ஜ் ரெக்டிஃபயர் என்று கடையில் கேட்டால், நான்கையும் ஒரே உலோகப் பெட்டிக்குள் அடைத்து, நடுவில் திருகாணித் துளையோடு தருவார்கள். எந்த நேரமும் இரண்டு டையோடுகள் வழியே மின்னோட்டம் போவதால் ஒன்றரை வோல்ட் அளவுக்கு இழப்பு. நமக்கு இருக்கும் உபரியில் அது ஒன்றுமில்லை. இப்போது பாதி அலை வீணாகாமல் நொடிக்கு 360 துடிப்பு. இடையிலுள்ள பள்ளங்களை நிரப்ப மின்சாரத்தைக் கணநேரம் சேமித்துத் திருப்பித் தரும் ஒரு கெப்பாசிட்டர் சேர்க்க வேண்டும். 1.5 ஆம்பியர் எடுக்கும் விளக்குக்கு 1,000 மைக்ரோஃபாரட் வைத்தால் ஏற்ற இறக்கம் 4 வோல்ட் இருக்கும். 4,700 வைத்தால் ஒரு வோல்ட்டுக்குக் கீழே வந்துவிடும். விளக்குக்குள் நல்ல டிரைவர் இருந்தால் 2,200 போதும்.

கெப்பாசிட்டர் வாங்கும்போது இரண்டு எண்களைப் பார்க்க வேண்டும். 25 வோல்ட் வகையை எடுக்காதீர்கள். மேலே சொன்ன உச்சக் கணக்கின்படி அது வீங்கிவிடும். 50 வோல்ட் வேண்டும். அடுத்தது குளிர். எலெக்ட்ரோலிட்டிக் வகைக்குள் இருப்பது திரவம். கடுங்குளிரில் அதன் மின்தடை ஏறி, கெப்பாசிட்டர் வேலை செய்யும் திறனும் குறையும். 105 டிகிரி என்று பெரிதாக அச்சிட்டிருப்பது வெப்ப எல்லை. கனடாவில் நமக்கு முக்கியம் அதன் கீழ் எல்லை. மைனஸ் 40 என்று இருக்கட்டும்.

இனி வோல்ட் எகிறுவதை அடக்க வேண்டும். பைக்குகளில் வரும் ரெகுலேட்டர்-ரெக்டிஃபயரை மாட்டுகிறவர்கள் உண்டு. உபரி வந்ததும் அது காயிலை ஒரு கணம் ஷார்ட் செய்துவிடும். கேட்கப் பயமாக இருந்தாலும், காயிலே மின்னோட்டத்தை மட்டுப்படுத்திக்கொள்ளும் என்பதால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவற்றில் பல பேட்டரி இருந்தால்தான் ஒழுங்காக வேலை செய்யும். இங்கே பேட்டரி இல்லை. என்னைக் கேட்டால், ஃபோர்க்லிஃப்ட் வண்டிகளுக்கென்று வரும் 10 முதல் 80 வோல்ட் வரை தாங்கும் விளக்கை வாங்குவதே நல்லது. விலை சற்றுக் கூட. ஆனால் ரெகுலேட்டர் என்று ஒரு பாகமே தேவையில்லாமல் போகிறது, அதிரும் எந்திரத்தில் இல்லாத பாகம் பழுதாகாது.

எல்லாம் சரியாகச் செய்த பிறகும், எஞ்சின் ஐடிலில், அதாவது மிக மெதுவாக ஓடிக்கொண்டு, இருக்கும்போது விளக்கு விட்டு விட்டு எரிந்தால் பதற வேண்டாம். டிரைவர் எப்போதும் ஒரே அளவு வாட் எடுக்கப் பார்க்கும். வோல்ட் குறைந்தால் ஆம்பியரைக் கூட்டி இழுக்கும். மெதுவாக ஓடும் காயிலால் அதைத் தர முடியாது. வோல்ட் சரிகிறது, டிரைவர் அணைகிறது, சுமை போனதும் வோல்ட் எழும்புகிறது, மறுபடி எரிகிறது. பனி தள்ளும்போது எஞ்சின் முழு வேகத்தில்தான் ஓட வேண்டும். அப்போது இது வராது.

வயர் இணைப்பில் ஒரு பொறி இருக்கிறது, நன்றாகத் தெரிந்தவர்களும் இதில் விழுவதுண்டு. பல எஞ்சின்களில் காயிலின் ஒரு முனை எஞ்சின் உடலோடு, அதாவது எர்த்தோடு, இணைந்திருக்கும். அப்படியிருக்க, காரில் செய்வதுபோல ரெக்டிஃபயரின் மைனஸையும் உடலோடு இணைத்தால், நான்கு டையோடுகளில் ஒன்று நேராகக் காயிலின் குறுக்கே வந்துவிடும். பாதி அலை ஷார்ட் ஆகி டையோடு கருகும். அதனால் ரெக்டிஃபயரிலிருந்து விளக்குக்கு பிளஸ், மைனஸ் இரண்டையும் தனி வயராகவே கொண்டுபோக வேண்டும். விளக்கின் உலோகக் கூடு மைனஸோடு உள்ளுக்குள் இணைந்திருக்கிறதா என்று மீட்டரால் பார்த்துவிட வேண்டும். இணைந்திருந்தால் ரப்பர் வாஷர் வைத்து உடலிலிருந்து பிரித்து மாட்ட வேண்டும். அப்புறம், எஞ்சினிலிருந்து வரும் எல்லா வயரும் விளக்குக்கானது அல்ல. எஞ்சினை நிறுத்தும் சுவிட்சுக்குப் போகும் வயர் தீப்பொறி காயிலோடு தொடர்புடையது. அதில் எதையாவது இணைத்தால் தீப்பொறி கெட்டு எஞ்சின் நின்றுவிடும்.

கண்ணுக்கும் பனிக்கும் நடுவில்

மின்சாரச் சிக்கல் தீர்ந்தது. ஆனால் அதிக லூமன், அதாவது அதிக ஒளி, என்று பெருமையோடு கைப்பிடி உயரத்தில் மாட்டி, பனி கொட்டும் இரவில் போட்டுப் பாருங்கள்: எதிரே வெள்ளைச் சுவர். புதிய பனி தன் மேல் விழும் ஒளியில் 80 முதல் 90 சதவீதத்தைத் திருப்பி அனுப்பிவிடும். காற்றில் பறக்கும் துகள்களும் அப்படியே. விளக்கு கண்ணுக்குப் பக்கத்தில் இருந்தால், அந்த ஒளி நேராகக் கண்ணுக்கே திரும்பி வரும். அதிலும் அருகிலுள்ள துகள்கள்தான் மோசம்; தொலைவு பாதியானால் அவற்றின் மேல் விழும் ஒளி நான்கு மடங்கு. இரண்டு மீட்டர் தள்ளியிருக்கும் தரையைப் பார்க்க விடாமல் அரை மீட்டரில் பறப்பவை மறைத்துவிடும்.

இதற்கு மஞ்சள் விளக்கு தீர்வு என்று நம்புகிறவர்கள் அதிகம். ஒளியின் அலைநீளத்தைவிடப் பனித்துகள் ஆயிரம் மடங்குக்கு மேல் பெரியது. அந்த அளவில் எல்லா நிறமும் ஒரே மாதிரிதான் சிதறும். மஞ்சள் கண்ணுக்கு இதமாக இருக்கலாம், ஆனால் பனியைக் கிழித்துக்கொண்டு போகாது. இடத்தை மாற்றுவதுதான் வேலைசெய்யும். விளக்கைக் கீழே, ஆகர் கூட்டின் மேல்விளிம்புக்கு அருகே, இரு ஓரங்களில் மாட்டினால் ஒளியின் பாதையும் பார்வையின் பாதையும் பிரிந்துவிடும். ஒரு நன்மை கூடுதல்: பக்கவாட்டில் படும் ஒளி மேடு பள்ளத்துக்கு நிழல் தரும். டிரைவ்வே முனையில் நகராட்சி வண்டி தள்ளிவிட்டுப் போன வரப்பில் எங்கே ஐஸ் கட்டி கிடக்கிறது என்பது அந்த நிழலில்தான் தெரியும்.

கீழே மாட்டினால் விளக்கின் மேல் பனி ஒட்டும். பழைய பல்பின் இன்னொரு வேலை இங்கே வெளிப்படுகிறது. ஹாலஜன் தன் சக்தியில் பெரும்பகுதியை அகச்சிவப்பாக முன்னால் வீசி, கண்ணாடியில் விழும் பனியைத் தானே உருக்கிக்கொண்டிருந்தது. எல்.இ.டி.யின் சூடு பின்பக்க அலுமினியத் தகடுகள் வழியே போய்விடும், முகம் குளிர்ந்தே இருக்கும். அமெரிக்காவின் விஸ்கான்சின் போன்ற குளிர் மாநிலங்களில் போக்குவரத்து விளக்குகளை எல்.இ.டி.க்கு மாற்றியபோது இதே சிக்கல் வந்து, பனி அப்பிய சிக்னல்களை ஆட்கள் போய்த் துடைக்க வேண்டியிருந்தது. ஸ்னோ ப்ளோவரில் இதற்குப் பெரிய வித்தை தேவையில்லை. முகத்தைச் சற்றே கீழ்நோக்கிச் சாய்த்து மாட்டி, அவ்வப்போது கையுறையால் துடைத்தால் போதும். குளிரால் விளக்குக்குக் கெடுதல் இல்லை; எல்.இ.டி. குளிரில் இன்னும் திறமையாகவே ஒளிரும். அதிர்வும் உப்பும்தான் இணைப்புகளைத் தின்னும். சூட்டில் சுருங்கும் பசைக் குழாய் போட்டு அழுத்தி இறுக்கிய கிரிம்ப் இணைப்பு, வயரின் நடுவே ஒரு ஃப்யூஸ், குளிரில் வெடிக்காத சிலிக்கோன் உறை வயர் ஆகியவற்றுக்குக் கணக்குப் பார்க்காமல் செலவழிக்கலாம்.

விளக்குக் காயிலே இல்லாத சிறிய எந்திரங்களும் உண்டு. அவற்றில் ஒரு 12 வோல்ட் லித்தியம் பேட்டரியைத் தனியாகக் கட்டி விளக்கு எரிப்பது எளிது. மின்சாரம் ஏற்கெனவே டி.சி. என்பதால் ரெக்டிஃபயரும் வேண்டாம், கெப்பாசிட்டரும் வேண்டாம். குளிரில் அதன் கொள்ளளவு குறையும், அதைத் தாங்கிக்கொள்ளலாம். ஆனால் உறைநிலைக்குக் கீழே அதைச் சார்ஜ் செய்யக் கூடாது. லித்தியம் மின்முனைக்குள் நுழைய முடியாமல் அதன் மேற்பரப்பிலேயே உலோகமாகப் படிந்து, பேட்டரியை நிரந்தரமாகக் கெடுத்துவிடும். வேலை முடிந்ததும் கழற்றி வீட்டுக்குள் கொண்டுவந்து, அறை வெப்பத்துக்கு வந்த பிறகு சார்ஜரில் போடுங்கள்.